சிக்னலில் இன்ஜின் நிற்கவில்லையா? அவசரப்பட்டு பேட்டரியை மாற்றாதீர்கள்

பங்குனி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கத்து ஒர்க்‌ஷாப்களுக்கு ஒரு புகார் வந்துகொண்டே இருக்கும். "அண்ணாச்சி, முன்னெல்லாம் சிக்னல்ல வண்டி தானா ஆஃப் ஆவும். இப்ப ஆவவே மாட்டக்கு." ஆனியில் குற்றாலச் சாரல் இறங்கியதும் அதே வண்டிகளில் பல, யாரும் கை வைக்காமலே சரியாகிவிடும். நடுவில் பேட்டரி மாற்றியவர் மட்டும் புது பேட்டரியால்தான் சரியானது என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருப்பார்.

காரணம் எளிது. வண்டி நின்றதும் இன்ஜினை அணைத்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் செய்யும் இந்த ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி, அணைப்பதற்கு முன் ஒரு பட்டியலைச் சரிபார்க்கிறது. இன்ஜின் சூடாகிவிட்டதா, பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறதா, கதவும் பானட்டும் மூடியிருக்கின்றனவா, பிரேக்குக்கு வேண்டிய வேக்குவம் (பெடலை லேசாக மிதிக்க உதவும் காற்று உறிஞ்சல்) இருக்கிறதா, ஏசி கேட்ட குளிர் உள்ளே வந்துவிட்டதா. இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆக, இன்ஜின் நிற்காததையே கோளாறு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. பெரும்பாலும் அது கோளாறே இல்லை. வண்டி யோசித்துத்தான் அணைக்காமல் இருக்கிறது.

சாதாரண கார்களில் ஏசி கம்ப்ரசரை இன்ஜின்தான் பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. இன்ஜின் நின்றால் காற்று வரும், குளிர் வராது. சித்திரை வெயிலில் வெட்டவெளியில் நிறுத்தியிருந்த காரை எடுத்து, ஏசியை 18-இல் வைத்துவிட்டு ஜங்ஷன் போவதற்குள் இன்ஜின் அணைய வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. கண்ணாடியை இறக்கி, ஏசியை அணைத்து, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு சமதளமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். காலையிலோ சாயங்காலமோ செய்தால் நல்லது. இன்ஜின் அணைந்தால் உங்கள் வண்டியில் ஒன்றுமில்லை. சிக்னலில் அணைந்த இன்ஜின், நீங்கள் எதையும் தொடாமலே அரை நிமிடத்தில் மறுபடி ஓடுவதற்கும் பெரும்பாலும் உள்ளே ஏறும் சூடுதான் காரணம்.

பெருமாள்புரத்திலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் பயணமும் இதே கணக்குதான். இன்ஜின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடும்.

இதையெல்லாம் யோசிப்பதற்கு முன் டேஷ்போர்டைப் பாருங்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் நிஜம் அதுதான். வட்ட அம்புக்குறிக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதில் விளக்கு எரிந்தால், யாரோ அதை அமுக்கி வசதியை அணைத்து வைத்திருக்கிறார்கள்.  பல கார்களில் இன்ஜின் ஏன் அணையவில்லை என்ற காரணமே மீட்டர் திரையில் எழுத்தாக வரும். அதைப் படிக்காமலே, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவியை வைக்கக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கால் பழக்கம்

கியர் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பது. பச்சை விழுந்ததும் பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடிப்பாரே என்ற பயம்தான். பெரும்பாலான கியர் கார்களில் நியூட்ரலுக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்தால்தான் இன்ஜின் அணையும். கிளட்சை மறுபடி மிதித்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும். கிளட்சின் மேல் கால் சும்மா ஓய்வாக இருந்தாலும் போதும், உள்ளே உள்ள சுவிட்ச் 'மிதித்திருக்கிறார்' என்றே சொல்லும். கிளட்சை மிதித்தபடியே நிற்பதால் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும் என்பதால், இந்தப் பழக்கத்தை விடுவதில் லாபம் இரண்டு.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கதை வேறு. அங்கே பிரேக்கை நன்றாக அழுத்த வேண்டும். ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டு நிறுத்தினால் வண்டி நிற்கும், இன்ஜின் நிற்காது. ஸ்டீயரிங்கை ஒடித்தபடி நின்றாலும், சரிவில் நின்றாலும் பல கார்கள் அணைக்காது. ஒருமுறை அணைந்து ஓடிய பிறகு, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால்தான் அடுத்த முறை அணையும் என்ற விதியும் உண்டு. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் அந்த வேகம் எங்கே கிடைக்கும்?

பெல்ட் போடாமல் டம்மி கிளிப்பைச் செருகி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் அணைந்து நிற்கும்போது ஓட்டுநர் இறங்கிவிட்டாரா என்பதைப் பெல்ட்டும் கதவும் சொல்லித்தான் வண்டி தெரிந்துகொள்கிறது. இறங்கிவிட்டார் என்று தெரிந்தால் தானாக ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும்படி பல கார்களை அமைத்திருக்கிறார்கள். டம்மி இருந்தால் இரண்டு சாட்சிகளில் ஒன்று எப்போதும் பொய்தான் சொல்லும். விபத்தில் என்ன ஆகும் என்பது தனிக்கதை.

பேட்டரியில் நடக்கும் கூத்து

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த வசதியுள்ள கார்களில் இருப்பது சாதாரண பேட்டரி அல்ல. இஎஃப்பி (வலுப்படுத்திய அமில பேட்டரி) அல்லது ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்த பேட்டரி) வகை. ஒரு நாளில் பல தடவை செல்ஃப் அடிப்பதையும், இன்ஜின் அணைந்திருக்கும்போது விளக்கு, ஃபேன், பாட்டு என்று எல்லாச் சுமையையும் தாங்குவதையும் கணக்கில் வைத்துச் செய்தவை. விலை கூடுதல் என்று அதே அளவில் சாதாரண பேட்டரியைப் போட்டால் அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகும், சில மாதங்களில் துவண்டுவிடும். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் போட வேண்டும், இஎஃப்பிக்கு இறங்கக் கூடாது. இஎஃப்பி இருந்த இடத்தில் ஏஜிஎம் போடலாமா என்றால், கம்பெனி கையேடு சம்மதித்தால் போடலாம். ஆனால் ஏஜிஎம்முக்குச் சூடு ஆகாது. நம் ஊர் மே மாதத்தில் பானட்டுக்குள் அடிக்கும் அனலையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏஜிஎம் மூடி முத்திரை வைத்தது. அதைக் குத்தித் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது பேட்டரியைக் கொல்வதுதான்.

இனி பானட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலைக் கவனியுங்கள். கிளாம்ப்பை ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய வயரோடு ஒரு கனெக்டர் இருக்கும். அதுதான் பேட்டரி சென்சார். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்ட், வோல்டேஜ், சூடு மூன்றையும் அளந்து சொல்வது அதுதான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை வண்டி நேராகப் பார்ப்பதில்லை, இந்தப் பெட்டி வைக்கும் கணக்கைத்தான் நம்புகிறது.

பாட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டுகிறவர், ஹாரன் மாற்றுகிறவர், கூடுதல் லைட் போடுகிறவர் எல்லோரும் எர்த் வயரை எங்கே முறுக்குகிறார்கள்? கைக்கு எட்டும் இடம் என்று நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனையான போஸ்டிலேயே நட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். அந்த வழியில் போகும் கரண்ட் சென்சாரைத் தாண்டாது, கணக்கிலும் வராது. பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும்போதே 'நிறைய இருக்கு' என்று நம்பி வண்டி இன்ஜினை அணைக்கும், அப்புறம் ஸ்டார்ட் எடுக்கத் திணறும். சார்ஜர் போடும்போது இதற்கு நேர்மாறு. நெகட்டிவ் கிளிப்பை போஸ்டில் மாட்டினால் ராத்திரி முழுக்க ஏறிய சார்ஜ் சென்சாருக்குத் தெரியாது. காலையில் நிறைந்த பேட்டரியை வைத்துக்கொண்டே, சார்ஜ் இல்லை என்று இன்ஜினை அணைக்க மறுக்கும். வழி ஒன்றுதான். எந்த எர்த்தானாலும், ஜம்ப் ஸ்டார்ட் கேபிளின் நெகட்டிவ் முனையானாலும், சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பானாலும் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலோ, கம்பெனி கொடுத்திருக்கும் எர்த் முனையிலோ மாட்டுங்கள்.

பேட்டரி புதிதாகப் போட்டதும் அன்றைக்கே இன்ஜின் அணைய வேண்டும் என்று நிற்பது அடுத்த தவறு. சில கார்களில் புதிய பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரியின் வயதை வைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். சிலவற்றில் வண்டியைப் பூட்டி நான்கு மணி நேரம் சும்மா விட்டு, பிறகு இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் செய்து அணைத்தால் சென்சார் தானே கற்றுக்கொள்ளும். உங்கள் காருக்கு எது என்பது கையேட்டிலேயே இருக்கும். கடையில் மாட்டிவிட்டு, டெர்மினலைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தால் அது கற்றுக்கொண்டதெல்லாம் ஒவ்வொரு தடவையும் அழிந்துபோகும்.

மல்டிமீட்டர் கையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வண்டி ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்க வேண்டும் என்பது பழைய பாடம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இப்போதைய ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், சார்ஜ் தேவையில்லாதபோது வோல்டேஜை நன்றாக இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். 12.8 காட்டுகிறது என்பதற்காக ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று கழற்றிவிடாதீர்கள். பேட்டரியை அளக்க நல்ல நேரம், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிந்ததும் தொடும் நேரம். 12.6-க்கு மேல் இருந்தால் கிட்டத்தட்ட நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். அந்த நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. கதவைத் திறந்ததுமே கம்ப்யூட்டர்கள் விழித்துக் கரண்ட் இழுக்கும் என்பதால், பானட்டை மட்டும் திறந்து, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இதிலிருந்து ஒன்று புரியும். பேட்டரி பலம் குறையும்போது முதலில் நிற்பது ஸ்டார்ட்-ஸ்டாப்தான், செல்ஃப் இழுவை வருவது வெகு பின்னால். ஏசி அணைத்து, நெடுந்தூரம் ஓட்டி, வண்டி நன்றாகச் சூடான பிறகும் வாரக்கணக்கில் இன்ஜின் அணையவே இல்லை என்றால் அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். டவுனுக்கும் பாளைக்கும் மட்டுமே ஓடும் வண்டி என்றால் மாற்றுவதற்கு முன் ஒரு தரம் வள்ளியூர் வரையோ ஆலங்குளம் தாண்டியோ போய்த் திரும்பி வாருங்கள். பார்க்கிங்கில் ஓயாமல் ஓடும் டேஷ் கேமரா இருந்தால் இரண்டு நாள் அதன் பிளக்கைப் பிடுங்கிவையுங்கள். பேட்டரிக் கடையில் டெஸ்டர் வைத்தால், அதில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி என்று வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள்.

சில மாருதி மாடல்களில் முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் உண்டு. அதில் வெளி ஆள் கை வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தரை வரை தண்ணீர் ஏறிய வண்டி என்றால் அந்த இருக்கையின் அடியை சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்வது அவசியம். அப்படி நனைந்த கார்களை வாங்கியவர்கள் கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பச்சையாகப் பூத்திருக்கும் ஒரு பின் போதும், மாதக்கணக்கில் அலைய வைக்க. திருச்செந்தூர், உவரி பக்கத்து உப்புக்காற்றும், வயலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலியும் செய்வதும் இதே வேலைதான்.

ஸ்கேனர் வைக்கும்போது

ஸ்கேனரில் கோளாறு எண் (கோட்) வந்தால் முதலில் எழுதிவையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பார்த்ததுமே அழித்துவிட்டு "ஓட்டிப் பாருங்க சார்" என்று அனுப்பும் இடத்தில் அடுத்த ஆளுக்குத் துப்பே மிச்சம் இருக்காது. நல்ல ஸ்கேனரில், அணைக்க விடாமல் தடுப்பது எது என்பதே நேரடித் தகவலில் தெரியும். பானட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் மூன்றும் மலிவானவை, அடிக்கடி வம்பு செய்பவை. பிரேக் சுவிட்சை முதலில் பார்க்க ஸ்கேனர்கூட வேண்டாம். ராத்திரி சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தி மிதித்தால் சிவப்பு விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. அணைந்த இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகத் திணறுவது, ஸ்டார்ட் ஆகும்போது மீட்டர் விளக்குகள் மங்கி அணைவது, ஏசி இல்லாமலே சில நொடிகளுக்கு ஒருமுறை அணைந்து அணைந்து ஓடுவது. கடைசியாகச் சொன்னதோடு பிரேக் பெடலும் கல்லாக இறுகினால் வேக்குவம் கசிகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவற்றுக்கு, டெர்மினல் இறுக்கத்தைப் பார்க்கும் வரை பொத்தானை அமுக்கி வசதியை அணைத்தே ஓட்டுங்கள்.

ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிற்கும்போதும் அப்படியே அணைத்துவிடுவது நல்லது. நடுத்தண்ணீரில் நின்று இன்ஜின் தானாக அணைந்தால், சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏற இடம் கொடுத்ததாகிவிடும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. நிறுத்தியதும் இன்ஜின் சத்தம் நின்றுவிடும். அணைத்துவிட்டோம் என்று நினைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பீப் சத்தம் கோயில் வாசல் கூட்டத்தில் கேட்காது. தரிசனம் முடிந்து வந்தால் பேட்டரி இறங்கியிருக்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கியரை 'டி'யிலேயே (டிரைவ்) விட்டு இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மீட்டர் விளக்குகள் முழுக்க அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கச் சலித்து, இந்த வசதியை நிரந்தரமாக அணைக்கும் சின்னக் கருவியை ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஊருக்குள் ஊர்ந்து ஓட்டுகிறவருக்கு அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் வாரன்டி இருக்கும்போது வயரிங்கில் வெளிப்பொருள் சேர்த்தால், பிறகு வேறு கோளாறுக்குப் போனாலும் கம்பெனி அதைக் காட்டியே கை விரிக்கலாம். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு மாட்டுங்கள். எழுதித் தரவில்லை என்றால் பொத்தானை அமுக்கியே ஓட்டுங்கள்.