650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை: வெட்டும்போது நேரும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக விண்ணப்பிக்கும்போது முதன்மைக் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டவும் கூடாது. முதல் வரைவு 900 சொல் வந்தால் கவலை வேண்டாம். அதைக் குறைக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

இங்கே ஓர் அடைமொழி, அங்கே ஒரு வினையடை என்று கிள்ளினால் 250 சொல் குறையாது. அவ்வளவு மிஞ்சுகிறது என்றால் பெரும்பாலும் கட்டுரைக்குள் இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றை விட்டுவிடுங்கள். முதலில் பத்தி, பிறகு வாக்கியம், கடைசியில்தான் சொல். பெரும்பாலும் முதல் பத்தி வெறும் முன்னுரையாக இருக்கும். அதை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பாடத்துக்கு வெளியே செய்தவற்றின் பட்டியலும் வேண்டாம். அந்தச் செயல்பாடுகளுக்குப் படிவத்தில் பத்து இடங்கள் தனியே உண்டு, ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள்.

சொல் அளவில் குறைக்க இடம் இருக்கவே இருக்கிறது: 'டியூ டு த ஃபேக்ட் தட்' ஐந்து சொல், 'பிகாஸ்' ஒன்று.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, விவரத்தை வெட்டிவிட்டுப் பொதுப்பேச்சை விட்டுவைப்பது. 'மூன்றாம் முறையும் மோட்டார் புகைந்தது' என்பதை நீக்கிவிட்டு 'பல சவால்களைச் சந்தித்தேன்' என்பதை வைத்துக்கொண்டால், மிஞ்சுவது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை. பொதுவாக்கியத்தை எடுங்கள், மோட்டார் இருக்கட்டும்.

அதே கட்டுரையைச் சுருக்கிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதும் சரிவராது. அங்கே எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொல்லுக்குள் பதில். காட்சி அமைத்து மெல்ல நுழைய இடமில்லை. முதல் வரியிலேயே பதில் தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பு கட்டுரையின் சொற்களை எண்ணுவதில்லை, எழுத்துகளை எண்ணுகிறது. இடைவெளியும் சேர்த்து 4,000. 2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. முதல் கேள்வியிலேயே தாராளமாக எழுதிவிட்டால் மூன்றாவது பட்டினி கிடக்கும்.

கூடுதல் தகவல் பகுதி வெட்டியதைக் கொட்டும் இடமல்ல. காமன் ஆப்பில் 2025-26 முதல் அதற்கே 300 சொல்தான். வேறெங்கும் சொல்ல இடமில்லாத செய்திகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

650-ஐ நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை. சொல்ல வந்தது 540-இல் முடிந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் 350 சொல் வரை எழுதக்கூடிய இடத்தில் 120 சொல் எழுதினால், சொல்ல ஒன்றுமில்லாதவர் போலத் தோன்றும்.

எண்ணிக்கையைப் படிவத்திலேயே சரிபாருங்கள். இடைவெளியில்லாமல் கோடு போட்டு இணைத்த சொற்களை வேர்டு ஒன்றாகவும் படிவம் இரண்டாகவும் எண்ணக்கூடும். கடைசி நாள் இரவில் இது தெரியவந்தால் அவசரத்தில் நல்ல வரிதான் பலியாகும். நான்கைந்து நாள் முன்பே ஒட்டிப் பாருங்கள். சாய்வெழுத்தும் பத்தி இடைவெளியும் மாறியிருக்கலாம், முன்னோட்டத்தில் கவனியுங்கள்.

வெட்டி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'அவர்', 'அப்போது', 'அதனால்' என்று வருமிடமெல்லாம் நில்லுங்கள். அந்த 'அவர்' யாரென்று சொன்ன வாக்கியம் நேற்றே வெட்டுப்பட்டிருக்கலாம்.