லேப்டாப், போன் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

லேப்டாப்பை ஓவர்கிளாக் செய்ய, அதாவது ப்ராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அரை மணி நேரம் கேம் ஆடியபின் உங்கள் ப்ராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது? பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெட்டியில் 4.2 என்று போட்டிருக்கும், அதை 4.5 ஆக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், ஆனால் சூடான பிறகு அது மூன்றைக்கூடத் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தவறே இதுதான். கையில் இருக்கும் வேகம் எவ்வளவு, அதைத் தடுப்பது எது என்று பார்க்காமல் மேலே உள்ள எண்ணை ஏற்ற நினைப்பது.

என் பழைய லேப்டாப்பில் இருந்தது இன்டெல் ஐ5-8250யூ. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. அதாவது அடிப்படை வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதுவே தானாக ஏறிக்கொள்ளும். ஒரு காலத்தில் நாம் கையால் செய்த ஓவர்கிளாக்கை இப்போது சிப்பே நொடிக்கு நொடி செய்துகொள்கிறது. அதற்குக் கடிவாளம் இரண்டு. ஒன்று வெப்பம்: நிறைய இன்டெல் லேப்டாப் சிப்புகளில் 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று மின்சாரம். பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எல்லைகள் இருக்கின்றன. பிஎல்2 கொஞ்ச நேரத்துக்கு, அரை நிமிடம் போல, தாராளமாக இழுத்துக்கொள்ள விடும். அப்புறம் பிஎல்1-க்கு இறங்கிவிட வேண்டும். 8250யூ-வுக்கு அது வழக்கமாக 15 வாட். வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் முதல் அரை நிமிடம் பறக்கும், பிறகு 2.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். இந்த நிலையில் டர்போவை 3.4-லிருந்து 3.6 ஆக்க வழி இருந்திருந்தாலும் எனக்கு என்ன லாபம்? 15 வாட்டில் 3.4-ஐயே எட்ட முடியாத சிப் அது.

வழியும் இல்லை என்பது அடுத்த விஷயம். டெஸ்க்டாப்பில் பெயர் கே என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களுக்கு மல்டிபிளையர் (ப்ராசஸர் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்) நாம் மாற்றும்படி திறந்திருக்கும். லேப்டாப்பில் அப்படித் திறந்து வந்தவை பெரும்பாலும் ஹெச்கே, ஹெச்எக்ஸ் என்று முடிபவைதான், அதாவது கனமான, விலை கூடிய கேமிங் லேப்டாப்புகளில் வருபவை. யூ, பி, சாதாரண ஹெச் வகைகள் எல்லாம் பூட்டித்தான் வருகின்றன. பூட்டு சிப்புக்குள்ளேயே இருக்கிறது, ஒரு சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டு அதைத் திறக்க முடியாது. "எந்த லேப்டாப்பையும் ஓவர்கிளாக் செய்யும்" என்று சொல்லும் கருவியை எங்கிருந்தோ இறக்கி அட்மின் அனுமதியும் கொடுத்து ஓட்டினால் வேகம் கூடாது, வைரஸ் வேண்டுமானால் வரும்.

சரி, உங்களிடம் திறந்த சிப்பே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் ஏற்ற வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தால் 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 1.33 வரும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் சூடு. டெஸ்க்டாப்பில் பெரிய கூலர் வாங்கி மாட்டி இதைச் சமாளிக்கலாம், விரலளவு தடிமன்கூட இல்லாத லேப்டாப்பில் எங்கே மாட்டுவது? அதிலும் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். அறை 25 டிகிரியிலிருந்து 37 ஆனால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அந்த 12 டிகிரி மேலேதான் இருக்கும். குளிர் நாட்டில் ஒருவர் எடுத்துப்போட்ட பெஞ்ச்மார்க்கைப் பார்த்து நம் லேப்டாப்பில் அதே எண்ணை வைப்பதும் ஒரு தவறுதான்.

வோல்டேஜை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் என்ன நடந்தது என்று நினைவிருக்கலாம். மைக்ரோகோடில் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரலில்) இருந்த பிழை அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டதால் சிப்புகள் தேய்ந்து கேம்கள் கிராஷ் ஆக ஆரம்பித்தன, இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்ட வேண்டி வந்தது. கூடுதல் வோல்டேஜ் சிப்பைப் படிப்படியாக அரிக்கும், ஒரே நாளில் எரிந்துபோனால்தான் சேதம் என்றில்லை. லேப்டாப்பில் சிப் மதர்போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். கெட்டால் கழற்றி வேறொன்று மாட்ட முடியாது, போர்டையே மாற்ற வேண்டும்.

உண்மையில் பலன் கிடைப்பது எதிர்த்திசையில்: அண்டர்வோல்ட். அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ். எல்லாச் சிப்பும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதால் தொழிற்சாலையில் பாதுகாப்புக்காகச் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள், அந்த மிச்சத்தைத்தான் நாம் எடுக்கிறோம். 1 வோல்ட்டில் ஓடுவதை 80 மில்லிவோல்ட் குறைத்தால் 0.92. அதன் வர்க்கம் 0.85 பக்கம் வரும், அதாவது 15 சதவீத மின்சாரம் மிச்சம். என் 8250யூ-வில் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளை வைத்து 80 மில்லிவோல்ட் இறக்கியதும் அதே 15 வாட்டில் 2.3-க்குப் பதில் 2.6 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஒரு ரூபாய் செலவில்லை. வாட் எல்லை மாறாததால் கூடுதல் சூடும் இல்லை.

இதிலும் தவறு செய்ய இடம் உண்டு. நான் செய்தது, எடுத்தவுடன் 120 மில்லிவோல்ட் குறைத்து, ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு, விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும்படி சேமித்ததுதான். மறுநாள் பாதி வேலையில் நீலத்திரை வந்தது, சேமிக்காத பக்கங்கள் போயின. பத்துப் பத்தாகக் குறையுங்கள். கனமான வேலையில் ஒரு மணி நேரம், சும்மா இருக்கும்போது சில மணி நேரம் என்று இரண்டிலும் பாருங்கள் (சுமையே இல்லாதபோது கிராஷ் ஆகும் சிப்புகளும் உண்டு). நான்கைந்து நாள் தாங்கிய பிறகு மட்டும் தானாக அமலாக விடுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் அந்த வசதியே சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தால் அதற்குக் காரணம் உண்டு. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்டேஜை மாற்றும் அதே வழியில் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியையே கணக்குத் தப்பச் செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு வந்த பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பலவற்றில் அந்த வழியை மூடிவிட்டார்கள். அதைத் திறக்கப் பழைய பயாஸைத் தேடிப் பிடித்துப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம், போகாவிட்டாலும் மூடிய ஓட்டைகளை நாமே திறந்துவைத்தது போலாகும்.

பிஎல்1-ஐ 15-லிருந்து 25 வாட் ஆக்கிக்கொள்ளப் பல லேப்டாப்புகள் விடும். பூட்டிய சிப்பில் ஓவர்கிளாக்குக்கு மிக அருகில் வருவது இதுதான், கூலிங் தாங்கினால் பலனும் தெரியும். ஆனால் சார்ஜரைப் பாருங்கள். 65 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் இருந்தால், ப்ளக் செய்திருக்கும்போதே பேட்டரி இறங்க ஆரம்பிக்கலாம். அதேபோல 'பிடி ப்ரோசாட்' என்ற டிக்கை எடுத்துவிடச் சொல்வார்கள். அது வேறு பாகங்கள் சூடாகும்போது ப்ராசஸரை மெதுவாக்கச் சொல்லும் சமிக்ஞை. சென்சார் கெட்டுப்போய் லேப்டாப் 800 மெகாஹெர்ட்ஸிலேயே சிக்கிக்கொண்டால் தற்காலிகமாக அதை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேகத்துக்காக எடுக்காதீர்கள்.

கேம்தான் நோக்கம் என்றால் தனி கிராஃபிக்ஸ் சிப்பைப் பாருங்கள், அங்கேதான் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதன் வேகத்தை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் பல லேப்டாப்புகளில் வேலை செய்யும். என்விடியா 2015-ல் லேப்டாப் சிப்புகளுக்கு இந்த ஓவர்கிளாக்கை டிரைவரில் நிறுத்திப் பார்த்தது, பயனர்கள் கொந்தளித்ததும் திருப்பிக் கொடுத்தது. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் இரண்டு சிப்புக்கும் ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) பொதுவானது. அதனால் ப்ராசஸரின் சூட்டைக் குறைத்தாலே கிராஃபிக்ஸ் கூட ஓடும்.

போனுக்கு வருவோம். ப்ளே ஸ்டோரில் 'பூஸ்டர்', 'கூலர்' என்று வரும் ஆப்களால் ப்ராசஸர் வேகத்தைத் தொடவே முடியாது, ரூட் (போனின் முழுக் கட்டுப்பாடு) இல்லாமல் ஆண்ட்ராய்ட் அந்த அனுமதியை எந்த ஆப்புக்கும் தராது. அவை பின்னணியில் ஓடுவதை மூடும், விளம்பரம் காட்டும், அவ்வளவுதான். 2010-ல் நெக்ஸஸ் ஒன் காலத்தில் ரூட் செய்து, வேறு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போட்டு, 1 கிகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோரை ஏற்றியபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய போனில் தடையே சூடுதான். ஃபேன் கிடையாது, சிப்புக்குப் பக்கத்திலேயே பேட்டரி, அந்த லித்தியம் பேட்டரியோ சூட்டில் சீக்கிரம் கிழடாகும். ரூட் செய்வதற்காகப் பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தால் இழப்பது அதைவிட அதிகம்: வங்கி, யுபிஐ ஆப்கள் பல ஓட மறுக்கும், வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு முறை எல்1 நிலையிலிருந்து எல்3-க்கு இறங்கும் போன்களில் ஸ்ட்ரீமிங் படங்கள் ஹெச்டியில் ஓடாது. சாம்சங்கில் அங்கீகாரம் இல்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் போய்விடும், அது உடல்ரீதியான ஃபியூஸ், பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் மீளாது. ஐபோனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேகம் ஏற்றிய சிப்தான் வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே தேர்ந்தெடுத்து ஏற்றியதை வாங்குங்கள். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப் பெரும்பாலான போன்களில் 3.2 கிகாஹெர்ட்ஸ், கேலக்ஸி எஸ்23-ல் 3.36. அவ்வளவு பெரிய நிறுவனம் சிப்புகளைப் பொறுக்கியெடுத்தே 5 சதவீதம்தான் ஏற்றியது.

லேப்டாப்பில் ஒற்றை ரேம் மட்டும் இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் முதல் செலவு அங்கே. உள்ளமைந்த கிராஃபிக்ஸில் கேம் ஆடுபவர்களுக்கு ட்யூவல் சேனல் (இரண்டு ரேமும் சேர்ந்து ஓடுவது) தரும் வித்தியாசத்தை எந்த ஓவர்கிளாக்கும் தராது. மூன்று வருடம் திறக்காத லேப்டாப் என்றால் ஃபேனில் படிந்த தூசியை எடுத்து, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுழன்றால் பேரிங் போகும். பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போடச் சொன்னால், கூலர் தகடு அலுமினியமா செம்பா என்று முதலில் பாருங்கள். லிக்விட் மெட்டலில் இருக்கும் காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும். செம்பாக இருந்தாலும், ஒரு சொட்டு வழிந்து போர்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.