எலைட் டேஞ்சரஸ்: பால்வீதியின் நடுவே உள்ள கருந்துளையைப் பார்க்கப் போவது எப்படி?

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் பால்வீதி முழுவதும் உண்மை அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு இருக்கிறது. அதன் மையத்தில் இருப்பது சஜிட்டேரியஸ் ஏ* என்ற மாபெரும் கருந்துளை. சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு. இந்தப் பயணத்துக்குச் சண்டை போடத் தெரிய வேண்டாம், விலையுயர்ந்த கப்பலும் வேண்டாம். ஆனால் வழியில் பழுது பார்க்க இடம் கிடைப்பது அரிது என்பதால், எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

படி 1: கப்பல்

ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் வாங்குங்கள். வெறும் கப்பல் சுமார் 66 லட்சம் கிரெடிட் (விளையாட்டுக்குள் உள்ள பணம்). இதைவிட நீளமாக ஜம்ப் செய்யும், அதாவது ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கப்பல்கள் உண்டுதான். ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இதன் அகன்ற முன்கண்ணாடிதான் பெரிய லாபம். அவ்வளவு பணம் இல்லையென்றால் டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் சுமார் 19 லட்சத்தில் கிடைக்கும், சூடாவதும் குறைவு.

ஜம்ப் செய்ய வைக்கும் எஞ்சினான ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் மட்டும் மிக உயர்ந்த 'ஏ' தரத்தில் இருக்கட்டும். லைஃப் சப்போர்ட், சென்சார், த்ரஸ்டர் எல்லாம் 'டி' தரம் போதும். அந்தத் தரத்தில்தான் எடை மிகக் குறைவு. எடை குறையக் குறைய ஜம்ப் தூரம் கூடும். துப்பாக்கிகளைக் கழற்றிவிடுங்கள்.

6ஆம் அளவு இடத்தில், நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் ஃப்யூவல் ஸ்கூப் போடுங்கள், உங்களால் முடிந்த உயர்ந்த தரத்தில். இதற்கு எடையே கிடையாது, ஆகவே சின்னதைப் போடுவதில் எந்த லாபமும் இல்லை. பழுது பார்க்கும் ஏஎஃப்எம்யூ கருவிக்கும் எடை இல்லை. அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது என்பதால் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பவர் பிளான்ட்டையும் கப்பலின் வெளி உடலையும் அதனால் சரிசெய்ய முடியாது. ஒரு சிறிய ஷீல்டும், வெப்பத்தை வெளியே தள்ளும் ஒரு ஹீட் சிங்க்கும் சேர்த்தால் போதும்.

கடைசியாக, கப்பல் விலையில் 5% ரீபை தொகை (கப்பல் அழிந்தால் அதைத் திரும்பப் பெறக் கட்டுவது) கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: வழி போடுதல்

கேலக்ஸி மேப் ஒரே தடவையில் 20,000 ஒளியாண்டு வரைதான் வழி போடும். அதனால் இடையில் ஏதாவது ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்து, பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'ஃபாஸ்டஸ்ட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நட்சத்திர வகை ஃபில்டரில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் ஆகிய ஏழை மட்டும் விட்டு, அந்த ஃபில்டரை வழிக்கும் பொருத்துங்கள். எரிபொருள் அள்ள முடிந்தவை இவை மட்டும்தான். பழுப்புக் குள்ளன்கள், டி டாரி, வெள்ளைக் குள்ளன், நியூட்ரான் நட்சத்திரம் எதிலும் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது.

ஒரு ஜம்ப் 40 ஒளியாண்டு என்றால் ஏறக்குறைய 650 ஜம்ப். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 11 மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் நட்சத்திரத்துக்குள் மூக்கை விடும் கப்பல்கள்தான் அதிகம். நடுவெளியில் எங்கே வேண்டுமானாலும் லாக் அவுட் செய்யலாம், கப்பலுக்கு ஒன்றும் ஆகாது.

படி 3: ஒவ்வொரு ஜம்ப்பிலும்

ஹைப்பர்ஸ்பேஸில், அதாவது ஜம்ப்பின் நடுவில் இருக்கும்போதே த்ராட்டிலைப் (வேகக் கட்டுப்பாடு) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெளியே வந்ததும் நட்சத்திரம் முகத்துக்கு நேரே நிற்கும். அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, விளிம்பை ஒட்டி மெதுவாகச் சுற்றினால் ஸ்கூப் வழியே டேங்க் நிரம்பத் தொடங்கும். வெப்பம் 70% தாண்டினால் சற்று விலகுங்கள். 100% தாண்டினால் பாகங்கள் சேதமாகும். அள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜம்ப்புக்கு டிரைவைச் சார்ஜ் செய்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டு வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முதலில் விலகுங்கள், பிறகு சார்ஜ் செய்யுங்கள்.

ஆஸ்ப்பின் டேங்க் 32 டன். முழு நீள ஜம்ப் ஒன்று சுமார் 5 டன் குடிக்கும், அதாவது ஆறு ஜம்ப்தான். பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

நட்சத்திரத்தை மிக நெருங்கி, சூப்பர்க்ரூஸிலிருந்து (ஒரு மண்டலத்துக்குள் அதிவேகமாகப் போகும் முறை) தூக்கி எறியப்பட்டால் பதற வேண்டாம். மூக்கை நட்சத்திரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பி, ஹீட் சிங்க்கை விட்டு, டிரைவ் ஆறும்வரை விலகிப் போய்க்கொண்டே இருங்கள். எரிபொருளே தீர்ந்து, ஆக்சிஜன் கவுன்ட்டவுன் தொடங்கிவிட்டால் உடனே மெயின் மெனுவுக்குப் போய்விட்டு, ஃப்யூவல் ரேட்ஸ் குழுவைக் கூப்பிடுங்கள். எரிபொருள் கொண்டுவந்து மீட்பதற்கென்றே இயங்கும் விளையாட்டாளர் குழு அது.

நியூட்ரான் நட்சத்திரத்தின் கூம்பில் நுழைந்து ஜம்ப்பை நான்கு மடங்காக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம்.

படி 4: கருந்துளையைப் பார்ப்பது

இதுதான் வந்த வேலை. ஆனால் வந்து சேர்ந்த பலர் முதலில் கேட்பது, "எங்கே இருக்கிறது?" என்றுதான். இந்த விளையாட்டில் கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வளையம் கிடையாது. அதன் ஈர்ப்பு பின்னணி ஒளியை வளைப்பதை வைத்துத்தான் அதைக் கண்டுகொள்ள முடியும். பின்னால் வானம் வெறுமையாக இருந்தால் எதுவும் தெரியாது. ஆகவே டார்கெட் செய்துகொண்டு, பால்வீதியின் அடர்ந்த நட்சத்திரப் பட்டை கருந்துளைக்குப் பின்னால் வரும் கோணத்துக்கு நகருங்கள். பிறகு அதைப் பக்கவாட்டில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பின்னணி நட்சத்திரங்கள் விளிம்பை நெருங்கியதும் இழுபட்டு, வளைந்து, மறுபுறம் வழுக்கி வெளிவரும். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இதில் பாதிகூடத் தெரியாது. நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும்.

விளையாட்டில் இது கப்பலை விழுங்காது. எல்லை தாண்டினால் சூப்பர்க்ரூஸிலிருந்து வெளியே தள்ளும். வேகமாகப் போய் மோதினால் சேதம் உண்டு.

படம் எடுக்க கன்ட்ரோல் + ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் வெளிக் கேமரா திறக்கும். அதற்கு முன் கப்பலின் மூக்கைக் கருந்துளையிலிருந்து வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். சூப்பர்க்ரூஸில் த்ராட்டில் பூஜ்யம் என்றாலும் கப்பல் நொடிக்கு 30 கி.மீ. ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கருந்துளையில் எரிபொருள் அள்ள முடியாது. அதே மண்டலத்தில் சோர்ஸ் 2 என்ற பி வகை நட்சத்திரம் இருக்கிறது. நிஜ வானத்தில் கருந்துளையைச் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் எஸ்2 நட்சத்திரம்தான் அது. இருந்தாலும் கடைசி ஜம்ப்புக்கு முன்பே டேங்க்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

படி 5: இறங்குமிடம்

அருகிலுள்ள ஸ்டூமேயே எஃப்ஜி-ஒய் டி7561 மண்டலத்தில் எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் என்ற நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி, கப்பலைச் சரிசெய்து, வழியில் ஸ்கேன் செய்த தரவுகளை யூனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸில் விற்றுவிடுங்கள். விற்காத தரவு கப்பல் அழிந்தால் அதோடு போய்விடும். இறங்கிய பிறகு கப்பல் அழிந்தாலும், புறப்பட்ட ஊரிலிருந்து இல்லாமல் இந்த நிலையத்திலிருந்தே மீண்டும் தொடங்கலாம்.