நஞ்சைத் தேடிச் சேற்றைக் கோட்டைவிடாதீர்கள்: மாணிக்கக்கல் அகழ்வின் பாதிப்பை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றின் கரையில் கரட்டும் லீக்ஸும் போடுகிறவர்கள் மாணிக்கக்கல் குழிகளால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னால், "தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அது நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. நிலக்கரியோடு கிடக்கும் இரும்புச் சல்பைடு காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கும். அமிலமும் உப்பும் உலோகமும் சேர்ந்தே வாய்க்காலுக்கு வரும். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கரி கப்பலில் வருகிறது. நம் குழிகளில் அள்ளுவது ஆற்றுப் படிவுச் சரளை. அதைக் கழுவினால் ஆற்றில் இறங்குவது பெரும்பாலும் சேறுதான். ஆகவே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7க்கு அருகில், அதாவது நடுநிலையில் இருக்கிறது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால், கேட்க வேண்டியதை அது கேட்கவே இல்லை என்று பொருள். இதன் மறுபக்கமும் உண்டு. மண் புளித்துவிட்டது, குழிதான் காரணம் என்பார்கள். தேயிலை விரும்புவதே பி.எச். 4.5 முதல் 5.5 வரையான அமில மண்ணைத்தான். அந்த அளவை ஆதாரமாகக் காட்டினால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

சேற்றை நஞ்சைவிட இளக்காரமாக நினைக்கக் கூடாது. பாத்தியில் படிந்த நுண்களி காய்ந்ததும் ஓடுபோல இறுகும். தண்ணீர் உள்ளே இறங்காது, நாற்று முட்டி வெளிவராது. எஞ்சிய மண் நோர்வூட்டைத் தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ச் சேர்கிறது.

சேற்றை எப்போது அளப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலத்தில் ஆறு எப்படியும் கலங்கும். அந்த மண்ணில் ஒரு பங்கு நம் சொந்த மரக்கறிச் சரிவிலிருந்தே வழிந்தது. இதை ஒத்துக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. மழையில்லாத ஜனவரி, பெப்ரவரியில் ஆறு கலங்கினால் அதற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம். அன்றைக்கே ஆற்றுநீர் குழியை அடையுமுன் மேலே ஒரு போத்தல், குழியைத் தாண்டியபின் கீழே ஒரு போத்தல் எடுங்கள். மேலே எடுக்காவிட்டால், கீழே எடுத்த மாதிரி எதையும் நிரூபிக்காது. போத்தலை அதே ஆற்று நீரில் அலசி நிரப்பி, இடமும் நேரமும் எழுதி, வெயில் படாமல் குளிராக வைத்து, மறுநாளைக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். திருட்டுத்தனமாக இரவில் கழுவுகிறவர்கள் இருந்தால், பதினொரு மணிக்கு வாகனத்தில் வந்திறங்கும் உத்தியோகத்தர் தெளிந்த நீரைத்தான் பார்ப்பார். விடியற்காலையில் எடுங்கள்.

மூடிய குழியைப் பார்த்து நிலம் திருத்தப்பட்டுவிட்டது என்று கையெழுத்திடுவது இன்னொரு தவறு. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் மேல்மண்ணைத் தனியாகக் குவிக்காமல் எல்லாவற்றையும் புரட்டி மூடியிருந்தால், தரை சமமாகத்தான் தெரியும். ஆனால் மேலே கிடப்பது சரளையும் களியும். ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டிப் பார்க்காமல் யாரும் சான்று கொடுக்கக் கூடாது. அகழ்வு உரிமம் வழங்குவது தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை. வெட்டிய இடத்தின் படங்களோடு முறைப்பாட்டை அங்கே கொடுங்கள்.

கிணறு விடயத்தில் தூரத்தை நம்பி ஏமாறுகிறோம். குழியிலிருந்து பம்பு வைத்து நீர் இறைக்கும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீரும் சேர்ந்து இறங்கும். வேலிக்கு அடுத்த காணியை மட்டும் பார்த்தால் போதாது. 2014 டிசம்பரில் உமா ஓயா ஆற்றுநீரைத் திருப்பும் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தபின், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. வற்றிய பிறகு ஆழத்தை அளந்து பயனில்லை. குழி தோண்ட ஆள் வருகிறார் என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே, கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து திகதியோடு கொப்பியில் எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் ஓர் ஒப்பம் வாங்கிவிடுங்கள்.