மழைநீர்க் குழி: சென்னை வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட நாட்களில்தான், மாடியில் விழும் மழையை நிலத்துக்குள் இறக்குவதற்கான எங்கள் வீட்டு மழைநீர்க் குழியை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். அந்த வீட்டை வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிமெண்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பி எடுத்ததும் கண்ணில் பட்டது ஒரு காலி சிமெண்ட் சாக்கு. அதற்குக் கீழே ஜல்லி. ஜல்லியின் இடுக்குகளில் கருஞ்சேறு புகுந்து, காய்ந்து, தளம் போட்டதைப் போல இறுகியிருந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நான்கு அங்குலக் குழாயோ குழி வரைக்கும் வரவே இல்லை. அரை அடிக்கு முன்பாகவே மண்ணுக்குள் முடிந்திருந்தது. வரைபடத்திலும் அனுமதிக் கடிதத்திலும் இடம்பெற்றிருந்த அந்தக் குழிக்குள் மாடியில் விழுந்த மழை ஒரு சொட்டுகூட இறங்கியதில்லை.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதைக் கேட்கின்றன. ஆகையால் பெயருக்காவது ஒரு குழி இல்லாத வீடு நகரத்தில் குறைவு. குழியை அனுமதி வாங்குவதற்கான சடங்காகக் கருதி, கட்டி முடித்த கையோடு மறந்துவிடுவதே மூலத் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

குழியின் அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதால், அந்த மாடியில் ஓர் ஆண்டில் விழுவது 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும்; 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் எட்டு நடைக்கும் அதிகம். ஆனால் இந்த மழை ஆண்டு முழுவதும் நிதானமாகப் பெய்வதில்லை. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில் அந்த மாடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 4,600 லிட்டர் இறங்கும். வழக்கமாகத் தோண்டப்படும் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழக் குழியின் மொத்தக் கொள்ளளவு 1,270 லிட்டர்தான். அதை ஜல்லியால் நிரப்பிவிட்டால் இடுக்குகளில் தண்ணீர் நிற்பதற்குக் கிடைக்கும் இடம் 500 லிட்டர் அளவே. ஏழு நிமிடத்திற்குள் குழி நிறைந்து, மண் உறிஞ்சுகிற வேகத்திற்கு மேற்பட்ட தண்ணீர் அத்தனையும் தெருவுக்குப் போகிறது.

இதற்குத் தீர்வு, துளையிட்ட சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடிப்பகுதியை மூடாமல் விடும் கிணறு. மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் உள்ள உறைகிணறு 3,000 லிட்டர் கொள்ளும். உள்ளே கல்லை நிரப்பாமல் விட்டால் அத்தனை இடமும் தண்ணீருக்குத்தான். கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகள் வரிசையாக வெளிப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. நம்மவர்கள் தண்ணீரை மேலே எடுப்பதற்கு இறக்கிய அதே உறைகளை நாம் தண்ணீரைக் கீழே அனுப்புவதற்கு இறக்குகிறோம். நிரப்பாத கிணறு என்பதால் மேலே இரும்புக் கம்பி போட்ட கனமான மூடி கட்டாயம் வேண்டும்; குழந்தைகள் விளையாடும் இடத்தில் இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

அடுத்த தவறு, மண்ணைக் கேட்காமல் குழி தோண்டுவது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் மணல் ஆழமாக இருப்பதால் மழைநீர் கசிந்து இறங்கும் சாதாரணக் குழியே நன்றாக உறிஞ்சும். விருகம்பாக்கம், பெரம்பூர்ப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் மேலே களிமண். அங்கே ஐந்தடிக் குழி என்பது தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும். களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும் வரைக்கும் குழியின் அடியில் துளை போட்டு, அதில் ஓட்டையிட்ட பிவிசி குழாயை இறக்கினால்தான் நீர் கீழே போகும். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில இடங்களில் சீக்கிரமே பாறை வந்துவிடுகிறது. அங்கே பாறைக்கு மேலுள்ள சிதைந்த மண்ணடுக்கு வரைக்கும் உறை இறக்க வேண்டும். பக்கத்து வீட்டில் என்ன போட்டார்கள் என்று பார்த்து அதையே செய்யச் சொல்வதைவிட, இடத்தின் மூலையில் இரண்டடிக் குழி ஒன்றைத் தோண்டி, மாலையில் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பார்த்தால் போதும். தண்ணீர் அப்படியே நின்றால் உங்கள் மண் களி.

பழைய கிணற்றை மூடுவதைத் தவறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை, அது பேரிழப்பு. கிணறு வற்றிவிட்டது, கார் நிறுத்த இடம் வேண்டும் என்று கட்டட இடிபாடுகளைக் கொட்டித் தூர்த்துவிடுகிறார்கள். ஏற்கெனவே முப்பது நாற்பதடி தோண்டி, உறை இறக்கி, நீரடுக்கைத் தொட்டுவைத்திருக்கும் கிணற்றைவிடச் சிறந்த மழைநீர் அமைப்பை இன்று எவ்வளவு செலவழித்தாலும் எளிதில் உருவாக்க முடியாது. ஒரு சிறு வடிகட்டித் தொட்டி கட்டி, மாடித் தண்ணீரை அதன் வழியாகக் கிணற்றுக்குள் விட்டால் போதும். கார்தான் நிற்க வேண்டுமென்றால், பாரம் தாங்கும் கான்கிரீட் மூடியை மேலே போட்டு அதன்மேல் நிறுத்தலாமே.

இதற்கு நேரெதிரான தவறு, மாடிக் குழாயை எந்த வடிகட்டியும் இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றுக்குள் செருகிவிடுவது. தூசி, பறவை எச்சம், இலைமக்கு எல்லாம் நேராக ஆழத்துக்குப் போகும். வண்டல் படிந்து ஆழ்துளைக் கிணறு அடைபடுவது ஒருபுறம். மேல்மண்ணில் வடிந்து செல்லும்போது கிடைக்கிற இயற்கையான சுத்திகரிப்பு இல்லாமல் அழுக்கு ஆழ்நீரில் கலப்பது அதைவிடக் கேடு, ஏனெனில் அங்கே சேர்ந்ததை வெளியே எடுக்கும் வழி நம்மிடம் இல்லை. கூழாங்கல், ஜல்லி, கழுவிய மணல் என அடுக்கிய வடிகட்டி கட்டாயம் வேண்டும். பருவத்தின் முதல் மழையை ஒரு கால் மணி நேரமாவது வெளியேற்றிவிட்டு, பிறகு வால்வைத் திருப்பிவிட வேண்டும். மாடியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவும் நாளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே மழைநீர்க் குழியையும் தோண்டினால் வேலை மிச்சம் என்று மேஸ்திரி சொல்லக்கூடும். மனையில் இடமே இல்லை என்றாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கழிவுநீர் கசியும் மண்ணில் மழைநீரையும் இறக்கினால், அந்த அழுக்கை நாமே கிணற்றுப் பக்கம் தள்ளிவிடுகிறோம். குறைந்தது ஐம்பதடி தள்ளி அமைப்பது நல்லது. அவ்வளவு இடம் இல்லாத மனைகளில் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என எதிரெதிர் மூலைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

குழி நிறைந்து வழியும் தண்ணீரைப் பாதாளச் சாக்கடைக் குழாயில் இணைத்துவிடும் வழக்கம் பல தெருக்களில் உண்டு. வீட்டுக் கழிவுநீருக்கென்று போடப்பட்ட குழாய்கள் ஒரு தெருவின் மாடித் தண்ணீர் முழுவதையும் தாங்காது. மழைநாளில் தாழ்வான வீடுகளின் கழிவறையில் சாக்கடை எதிர்த்து ஏறுவதற்கு மேட்டு வீட்டுக்காரர்களின் இந்த இணைப்பு ஒரு காரணம்.

வாசல் முதல் பின்கட்டு வரைக்கும் சிமெண்ட் தளமோ, கான்கிரீட் படுக்கையின்மேல் பேவர் கற்களோ பதிப்பவர்கள், மாடியில் விழும் நீரை மட்டும் கணக்கில் கொண்டு தரையில் விழுவதை மறந்துவிடுகிறார்கள். பேவர் பதித்தே ஆக வேண்டுமென்றால் அடியில் மணலும் ஜல்லியும் மட்டும் போட்டு, கற்களுக்கிடையே இடைவெளி விடச் சொல்லுங்கள். கேட்டுக்கு உட்புறமாக ஓரடி அகலத்தில் கம்பி வலை போட்ட வாய்க்கால் ஒன்றை வெட்டி உறைகிணற்றோடு இணைத்துவிட்டால், தெருவுக்கு ஓடும் நீர் அங்கேயே நின்றுவிடும். மாமரம், வேம்பு நிற்கும் மண்ணை ஒரு மூலையிலாவது திறந்து விடுங்கள்.

கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இவற்றையெல்லாம் இரட்டிப்பு அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. மேலே இறங்கும் மழை குறைந்து, கீழே மோட்டார் ஓடும் நேரம் கூடினால் உப்பு மேலேறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. பல பத்தாண்டுகள் கடந்தும் அது முழுமையாகப் பின்வாங்கவில்லை.

பராமரிப்பு செப்டம்பர் வேலை. மாடியைப் பெருக்கி, குழாய் வாயிலுள்ள வலையைக் கழுவி, வடிகட்டித் தொட்டியின் மேல் மணலை அள்ளிப் புதிது போட்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது குழியில் வந்து விழுகிறதா என்று காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். கிணறுகளும் மூடாத தொட்டிகளும் மலேரியாக் கொசு வளரும் இடங்கள் என்பதால், மூடி சரியாகப் பொருந்தாத இடத்தில் நைலான் வலை கட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பழைய குழியைக் கைவிட்டு, முன்புறம் உறைகிணறு இறக்கினோம். சென்ற செப்டம்பரில் திறந்தபோது அடியில் நான்கு விரற்கடை வண்டல் சேர்ந்திருந்தது. ஓர் ஆள் இறங்கி வாளியில் அள்ளிக் கொடுக்க, நான் மேலே நின்று வாங்கிக் கொட்டினேன். மதியத்திற்குள் வேலை முடிந்தது.