பெரிய பிள்ளைகளோடு தீம் பார்க்: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"அப்பா, நீங்க எங்க உட்கார்ந்திருப்பீங்க?"

பூங்காவுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, என் மகன் கேட்ட முதல் கேள்வி இது. அவனுக்கு 15 வயது. நான் எங்கேயாவது ஓர் ஓரமாக உட்கார்ந்துதான் இருப்பேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியதே அதுதான்: யார் யாரோடு சுற்றுவது, யார் எங்கே இருப்பது. டிக்கெட், சாப்பாடு, துணி எல்லாம் அதற்கு அப்புறம்.

நாங்கள் இருப்பது கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். போனது நான், மனைவி, மகன், 13 வயது மகள், உடுமலையிலிருந்து வந்த அக்கா மகள் (அவளுக்கு 17), கூடவே என் மாமனார். முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இடத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

எங்கள் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய் வர நாலைந்து இடங்கள் இருக்கின்றன. மலம்புழை ஃபேண்டஸி பார்க் பக்கத்தில்தான், ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு அரை நாளில் சலித்துவிடும். அணைக்கட்டுத் தோட்டம், ரோப்கார் என்று சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் ஓடும். மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், அதிரப்பள்ளி போகிற வழியில் சில்வர் ஸ்டார்ம். வயிற்றைக் கலக்குகிற பெரிய ரைடுகள் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லா. அது 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

நாள் விஷயத்தில் எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் கேரளப் பள்ளி, உறவுக்காரப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளி. இரண்டு பக்கத்து லீவும் சேருகிற நாளைத் தேடினால் அது கண்டிப்பாகக் கூட்டமான நாளாகத்தான் இருக்கும். பொங்கலன்று பாலக்காட்டுக்கு உள்ளூர் விடுமுறை, வொண்டர்லா இருக்கும் எர்ணாகுளத்துக்குக் கிடையாது, அதனால் அங்கே காலியாக இருக்கும் என்று நான் ஒரு தடவை கணக்குப் போட்டேன். கோவைக்காரர்களும் அதே கணக்கைப் போட்டிருந்தார்கள். ஆகவே யாராவது ஒரு பக்கத்துப் பிள்ளைகள் ஒரு நாள் லீவு எடுக்கட்டும். செவ்வாய், புதன் மாதிரி வாரத்தின் நடுநாளாகப் பாருங்கள். ஓணம், கிறிஸ்துமஸ், ஏப்ரல், மே வேண்டாம்.

படி 2: வீட்டிலேயே உயரம் அளந்துவிடுங்கள்

இதை விட்டுவிட்டுப் போய் நான் பட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு பூங்காவில், முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று முன்னால் போனதும், அங்கிருந்த பையன் மகளை அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ போட்டிருந்தாள். "ஷூவைக் கழற்றும்மா" என்றான். கழற்றினாள். தலைக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். குதிகாலை மெல்ல உயர்த்திப் பார்த்தாள், அவன் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். அண்ணன் மட்டும் ஏறிப் போனான். அவள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்தப் பையன்மேல் தப்பே இல்லை. அந்தக் கோடு, இருக்கையின் பிடி உடம்பில் சரியாகப் பதிவதற்காகப் போட்டது.

ஆகவே வெறுங்காலில், சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்கவைத்து, பென்சிலில் கோடு போட்டு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வொண்டர்லா மாதிரி இடங்களில் பெரிய ரைடுகளுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். டிக்கெட் விலையும் அங்கே வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான்: 85-க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். 139 இருந்தால் உங்கள் பர்ஸுக்கு லாபம், பிள்ளை முகம் தொங்கிவிடும். இன்னும் நாலு மாதம் தள்ளிப் போடலாமா என்று யோசியுங்கள்.

பெரியவர்களில் பிபி, இதயக் கோளாறு, கழுத்து முதுகு வலி உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் பெரிய ரைடுகளை மறந்துவிட வேண்டியதுதான். பிள்ளைகள் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள்.

படி 3: துணி

தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணி கூடாது. நைலான் அல்லது பாலியெஸ்டர்தான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். பிள்ளைகளின் விளையாட்டு ஜெர்சியும் ட்ராக் பேண்டும் போதும். உள்ளே கடையில் விற்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோவதுதான் மலிவு. வயதுப் பெண் பிள்ளைகள் இருந்தால், எந்த உடை அவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கும் என்று முதல் நாளே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். அங்கே போய்க் குளியலறை வாசலில் வைத்துப் பேசுகிற விஷயம் அல்ல அது.

படி 4: பயணமும் சாப்பாடும்

வொண்டர்லாவுக்குக் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். பாலக்காட்டுக்குள் போகாமல் கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரி போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் எங்களுக்குச் சுலபம். ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், பன்னியங்கராவிலும் பாலியேக்கரையிலும் டோல் உண்டு. நடுவில் குதிரான் சுரங்கம். 2021-இல் அதில் ஒரு பாதையும் அடுத்த வருடம் இன்னொன்றும் திறந்தார்கள். அதற்கு முன்னால் அந்த மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கார் இல்லாதவர்கள் பாலக்காடு ஜங்ஷனிலிருந்து ரயிலில் ஆலுவா போய், அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம்.

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் கட்டிக்கொண்டு போன பொடி தடவிய இட்லியை பார்க்கிங்கிலேயே சாப்பிட்டு முடித்தோம். வயிறு முட்ட வேண்டாம். மூன்று இட்லியில் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ராட்டினத்தில் அது திரும்பி வரும்.

படி 5: பிரிவதும் சேருவதும்

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் காவலாளி, "வரி நில்க்கணும், வரி" என்றார். மாமனார் நின்றுவிட்டார். "டிக்கெட்லயே ஜி.எஸ்.டி. போட்டாங்களே மாப்ள, இங்க எதுக்கு இன்னொரு வரி?" மலையாளத்தில் வரி என்றால் வரிசை. அவர் தாராபுரத்துக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரிய பிள்ளைகளின் பின்னாலேயே சுற்றாதீர்கள். அவர்களுக்கும் எரிச்சல், உங்களுக்கும் கால்வலி. அதற்குப் பதிலாக நாங்கள் செய்தது இது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்தோம். சேருமிடம் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். வாசல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், அங்கே எப்போதும் நெரிசல். அவர்கள் காட்டியது ஐஸ்கிரீம் கடைக்கு எதிரே இருந்த ஒரு பெரிய மரம். நிழலும் பெஞ்சும் இருந்தன, அதாவது நான் உட்காரவேண்டிய இடத்தையும் அவர்களே பார்த்துவிட்டார்கள். நேரம் இரண்டு: மதியம் 1.30, மாலை 4 மணி.

தண்ணீருக்குள் போனால் போன் லாக்கரில் இருக்கும் என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். "போன் பண்ணிக்கலாம்" என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. தண்ணீர் புகாத பழைய கேசியோ கைக்கடிகாரம் ஒன்றை அக்கா மகள் கையில் கட்டிவிட்டேன். மூவரும் பிரியக்கூடாது, ஒருவர் ரைடு ஏறவில்லை என்றால் இறங்கும் வாசலில் நிற்கவேண்டும், சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் தாண்டினால் நான் தகவல் மையத்தில் போய் அறிவிப்புச் சொல்லிவிடுவேன். கடைசி நிபந்தனைதான் வேலை செய்தது. ஆயிரம் பேர் கேட்க ஒலிபெருக்கியில் தன் பெயர் வருவதை எந்தப் பத்தாம் வகுப்புப் பையன் விரும்புவான்?

ஆளுக்கு 300 ரூபாய் கையில் கொடுத்தோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஐஸ்கிரீமில் தீர்த்துவிட்டு மகள் மரத்தடிக்கு வந்து நின்றாள். கொடுக்கவில்லை. அண்ணனிடம் கடன் வாங்கிக்கொண்டாள்.

படி 6: ரைடுகளை எந்த வரிசையில் ஏறுவது

திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை சின்னது. அப்போதே பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரைடில் எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்கள் கடைசி மூலைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

ரோலர் கோஸ்டரில் முன் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். முன்னால் காட்சி நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் உச்சியைத் தாண்டும்போது முன் பெட்டிகள் இறங்கத் தொடங்கிப் பின் பெட்டியை இழுப்பதால், கடைசிப் பெட்டி அந்த மேட்டை வேகமாகத் தாண்டும். இருக்கையிலிருந்து தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். சங்கிலி மேலே இழுக்கும்போது 'டக் டக்' என்று கேட்பது வண்டி பின்னால் வழுக்காமல் பிடிக்கும் கொக்கி. இதை மகனிடம் சொன்னேன். இறங்கி வந்தவன், "கடைசியில உட்கார்ந்தோம் அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினான்.

தலை சுற்றினால் கண்ணை மூடாமல் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சுழல் ரைடுகளை அடுத்தடுத்து ஏறவேண்டாம்.

படி 7: தண்ணீர்

வெயில் உச்சிக்கு வந்ததும் தண்ணீருக்குப் போங்கள். இவற்றைப் பொதுவாகத் தாமதமாகத் தொடங்கி, மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அலைக்குளத்தில் மட்டும் நான் விதியை மாற்றினேன்: பெரியவர்களில் ஒருவர் கூடவே இறங்கவேண்டும். வாய்க்காலில் நீந்திப் பழகிய பிள்ளைதானே என்று விடாதீர்கள், கூட்டத்துக்கு நடுவே அலை அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேலே விழுவார்.

படி 8: திரும்புதல்

மாலை 6 மணிக்கு வண்டி ஓட்டுகிறவர், பகல் முழுக்க ராட்டினம் சுற்றியவராக இருக்கக்கூடாது. என் மனைவி அன்று ஒரு ரைடும் ஏறவில்லை, திரும்பும்போது ஓட்டியது அவள்தான். சாலக்குடியிலேயே பின்சீட்டில் மூவரும் தூங்கிவிட்டார்கள், மாமனாரும்.

ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போட்டோம். அதை அன்று இரவே அலசிக் காயப்போட வேண்டும். நாங்கள் எடுத்தது சனிக்கிழமை. போனது புதன்கிழமை.