பிள்ளைக்குக் காய்ச்சல் இழுத்துக்கொண்டு போனால்: வீட்டில் எதைப் பார்ப்பது, எப்போது புறப்படுவது

போன மாரியில் என் மகளுக்கு டெங்கு வந்தது. வயது மூன்று, நிறை 12 கிலோ. நான்காம் நாள் விடியக் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று நான் மூன்று நாள் உடுப்பையும் தோய்க்கப் போய்விட்டேன். அன்று பொழுதுபடும் நேரம் அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் முற்றத்தில் கோழிக்குப் பின்னால் ஓடுகிறாள். வாட்டில் நின்ற நாட்களில் வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதியதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். நான் வைத்தியர் இல்லை. பிள்ளைக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க இந்தப் பதிவு உதவாது. புறப்படுவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்ற ஒரு கேள்விக்குத்தான் இது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன்.

1. ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள்

காய்ச்சல் தொடங்கிய திகதியையும் நேரத்தையும் முதல் வரியில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி "இன்றைக்கு எத்தனையாம் நாள்?" என்பதுதான். நான் "மூன்று" என்றேன், கூட வந்த மாமி "இல்லை தங்கச்சி, நாலு" என்றார். டெங்குவில் அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அப்புறம் நான்கு கோடு போடுங்கள்: நேரம், காய்ச்சல் எவ்வளவு, என்ன குடித்தது, சலம் போனது. போனில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன, எனக்குக் கொப்பிதான் பிடிக்கும். மழைக்குக் கரண்ட் போனால் போனில் சார்ஜ் இருக்காது. அம்மம்மா பார்க்கும் நேரம் அவவும் எழுதலாம்.

வெப்பமானி வாங்குவதென்றால் கமக்கட்டில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் ஒன்று போதும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரியான மலிவுச் சாமானை நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் ஒரே நிமிடத்தில் மூன்று கணக்குக் காட்டியது. பாணி மருந்து அளக்கத் தேக்கரண்டி வேண்டாம், மில்லிலீற்றர் கோடு போட்ட ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

பனடோல் (பரசிட்டமோல்) கணக்கு வயதுக்கு இல்லை, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் போகக் கூடாது. 12 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவை 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் அது 7.5 மில்லிலீற்றர். 250 மில்லிகிராம் என்ற போத்தலும் கடையில் இருக்கிறது, அதிலும் இதே அளவை ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். போத்தலை வாசிக்காமல் ஊற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம்.

2. நாள் எண்ணாமல் உடனே புறப்பட வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. அது வரத் தாமதம் என்றால் கிடைக்கிற வாகனத்தில் கிளம்புங்கள்.

- மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இவ்வளவு சின்னக் குழந்தையின் உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து, பால் குடிக்காமல் சோர்ந்தாலும் அப்படியே.
- எழுப்பினால் எழும்பாத தூக்கம், முகத்தைப் பார்த்தும் அடையாளம் காணாத பார்வை.
- எதைக் கொடுத்தாலும் சத்தி, அல்லது குடிக்கவே முடியாத நிலை.
- வலிப்பு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் திறப்புக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, அதைத் தேடி ஓடும் நேரம்தான் வீண். வலிப்பு நின்றாலும் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும்.
- உதடு நீலம் பாய்தல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுதல்.
- உடம்பில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் தாமதிக்க வேண்டாம்.
- கழுத்து விறைத்தல், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து நிற்றல்.
- மலத்தில் இரத்தம், அல்லது தார் மாதிரிக் கறுத்த மலம்.

3. மூச்சை எண்ணுங்கள்

சளி, இருமலோடு காய்ச்சல் என்றால் எனக்கு வெப்பமானியை விட இதில்தான் நம்பிக்கை. சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்குவது ஒன்று. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நான் முதலில் பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கினேன். சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இராது, ஒரு தடவை 32 வந்தது, அடுத்த தடவை 52. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணிய கணக்கு உதவாது. தூங்கும்போது எண்ணுவது இலகு.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. நியூமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கினாலோ எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கிளம்புங்கள்.

4. குடிப்பதும் சலமும்

வயிற்றோட்டத்துக்கும் சத்திக்கும் இதுதான் அளவுகோல். அழுதால் கண்ணீர் வருகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும். மெதுவாகப் போனால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆறு மணித்தியாலம் சலம் போகவில்லை என்றால் புறப்படுங்கள். பம்பர்ஸ் கட்டும் பிள்ளை என்றால் காய்ச்சல் நாட்களில் துணியைக் கட்டுங்கள். பம்பர்ஸ் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், போனதா இல்லையா என்று தெரியாது.

5. காய்ச்சல் விடுகிற நாள்

நான் பிழை விட்ட இடம் இதுதான்.

இங்கே முல்லைத்தீவுப் பக்கம் ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்கிற மழையோடு டெங்குவும் வரும். அந்தக் காலத்தில் சளி, இருமல் இல்லாத கடுங்காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும். மூன்றாம் நாள் நான் போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை, மருந்துக்கடைக்கு. "பனடோலுக்கு அடங்கவில்லை" என்று சொன்னேன், வேறொரு காய்ச்சல் பாணி தந்தார்கள், வாங்கிக் கொடுத்தேன். அது ஐபுபுரோபன் என்று வாட்டில்தான் தெரிந்தது. டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஒன்றும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பின்வாசலில் வைக்கிற மருந்திலும் டைக்ளோபெனாக் இருக்கலாம். பெயரை வாசியுங்கள், தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான்காம் நாள் விடிய வெப்பமானி 37 காட்டியது. பிள்ளை அமைதியாகப் படுத்திருந்தாள். மூன்று இரவு தூங்காத பிள்ளை, தூங்கட்டும் என்று விட்டேன். பத்து மணிக்குக் கஞ்சி கொடுத்தேன், சத்தி எடுத்தாள். வயிறு நோகிறது என்றாள், வெறும் வயிறு என்று நினைத்தேன். மத்தியானம் பாயில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து காலைத் தடவினேன். நெற்றி இளஞ்சூடு, பாதம் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டேன். கொப்பி அப்போது இல்லை. இருந்திருந்தால் விடிய ஐந்து மணிக்குப் பிறகு சலம் போகவில்லை என்று அதிலே தெரிந்திருக்கும்.

வைத்தியர் எனக்கு விளக்கியது இப்படி. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களில் இருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். குழாய்க்குள் நீர் குறையக் குறைய, உடம்பு இரத்தத்தை முக்கிய உறுப்புகளுக்கு ஒதுக்கிவிட்டுக் கையையும் காலையும் கைவிடுகிறது. பாதம் குளிர்வதும் சலம் நிற்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் பிள்ளை அழாமல் தெளிவாகப் பேசவும் கூடும், அதைப் பார்த்து ஏமாறுகிறோம்.

ஆகவே காய்ச்சல் விட்ட பிறகு 48 மணித்தியாலம் இவற்றைப் பாருங்கள்:

கையையும் பாதத்தையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொடுங்கள். விரல் நுனியை ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கடும் வயிற்று நோ, விடாத சத்தி, மூக்கு அல்லது முரசில் இரத்தம், காரணமில்லாத நச்சரிப்பு, அளவுக்கு மிஞ்சிய சோர்வு, ஆறு மணித்தியாலம் சலமில்லாமை. இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான்.

உண்மையிலேயே சுகம் வந்த பிள்ளை எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன், எனக்கு அது தெரியாமல் இருந்தது. காய்ச்சல் விட்டதும் பசிக்கும். கேட்டுச் சாப்பிடும், சலம் தாராளமாகப் போகும், எழும்பி விளையாட நினைக்கும்.

குடிக்கக் கொடுப்பது வெறும் தண்ணீராக மட்டும் இருக்க வேண்டாம். கஞ்சி, இளநீர், பால், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, சீனிப் பக்கெற்) கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறக் குடிபானங்கள் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா நிறமா என்று வைத்தியருக்குத் தெரியாது. பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி வீட்டில் நின்றுவிடாதீர்கள்.

6. பொழுதுபட முதல் முடிவெடுங்கள்

எங்கள் வீடு ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே. மாரியில் குளம் வான் பாய்ந்தால் பாதை மூடிவிடும். இரவில் யானை நிற்கும். ஓட்டோக்காரத் தம்பி எவ்வளவு நல்ல பிள்ளை என்றாலும் பதினொரு மணிக்கு அந்தப் பாதையில் வரச் சொல்லிக் கேட்பது கஷ்டம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவர்கள் "இரவு பார்த்து, விடியப் போகலாம்" என்று சொல்லலாம். நாங்கள் அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் பின்னேரம் நான்கு மணிக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒரு சந்தேகம் இருந்தால் வெளிச்சத்தோடு போய்விடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லது, நட்டம் ஓட்டோக் காசு மட்டும். சின்ன ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போங்கள், தேவையென்றால் அவர்களே அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். கிளினிக் கொப்பி, கொடுத்த மருந்துப் போத்தல்கள், ஒரு துவாய். இதை ஒரு பையில் போட்டுக் கதவடியில் வையுங்கள்.

திருநீறு போடுவதும் நூல் கட்டுவதும் எங்கள் வீட்டிலும் உண்டு. நேர்த்தியும் வைத்தோம், வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கினோம். பிள்ளை வீடு வந்த பிறகு.

7. மெதுவாக இழுபடுபவை

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், 14 நாளைத் தாண்டிய வயிற்றோட்டம், கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறாமல் நிற்பது. இவை நடுச்சாமத்தில் ஓட வேண்டியவை இல்லை. அதற்காக "சளிதானே" என்று மாதக்கணக்கில் விடவும் கூடாது. மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். காய்ச்சல் மட்டும் ஒரு கிழமைக்கு இழுத்தால் அது வேறு, கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு வந்த இரண்டு கேள்விகளுக்காக இதைச் சேர்க்கிறேன்.

ஒரு அக்கா ஜீவனிப் பக்கெற்றில் கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறா. அப்படிச் செய்யக் கூடாது. முழுப் பக்கெற்றையும் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். உப்பும் சீனியும் பக்கெற்றுக்குள் ஒரே சீராகக் கலந்திருக்காது, உப்புக் கூடிப்போனால் பிள்ளைக்குக் கெடுதல். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். சத்தி எடுக்கிற பிள்ளைக்குப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி கரண்டி கரண்டியாக.

இன்னொருவர், இரவு நிலத்தில் படுத்த பிள்ளை விடிய வயிற்று நோவோடு எழும்பியதையும் கண் இமை தொங்கியதையும் எழுதியிருந்தார். காய்ச்சல் இல்லை, உடம்பில் காயமும் தெரியவில்லை. இதை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். எங்கள் பக்கத்தில் படுக்கையில் இருப்பவர்களை இரவில் கடிக்கிற கட்டுவிரியன் பாம்பு உண்டு, அதன் பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். விடிய வயிற்று நோ, சத்தி, இமை தொங்குதல், விழுங்கக் கஷ்டம் என்றால் பாம்பு என்று நினைத்து அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், விஷக்கடி பார்ப்பவரிடம் போய் நேரம் கழிக்க வேண்டாம். அவருடைய பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நானும் அன்றைக்கே நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே சொருகிக் கட்டினேன்.